சின்னஞ்சிறு சொற்களும் எமது வாக்குமூலங்களும்

பெரிய சொற்களின் பொருள் அகராதியிலே கிடைக்கும். சிறிய சொற்களின் பொருளோ பழகப் பழகத்தான் பிடிபடும். அந்நிய மொழியொன்றின் நடுவே வாழ நேர்ந்த எவரும் இதனைச் சில மாதங்களுக்குள்ளேயே கண்டுகொள்வர். ‘கொன்ஸ்டிடியூஷன்’ என்ற சொல்லைக் கேட்டு எம்மவர் அஞ்சுவதில்லை. பாடசாலையிலே மனனம் செய்த சொல் அது. ‘அப்’, ‘ஓஃப்’, ‘இன்’, ‘அவுட்’ என்னும் சின்னஞ்சிறு சொற்களிலேதான் இடறி விழுகின்றோம். கடையிலே இடறினால் சிரிப்போடு போய்விடும். வேலைத்தலத்திலே இடறினால் மேற்பார்வையாளரின் முகச்சுளிப்போடு முடியும். தஞ்சக் கோரிக்கை மனுவிலே இடறினால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே ஆட்டங்காணக் கூடும்.

ரெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்ரன் மாநகருக்குத் தென்மேற்கே, சுகர் லேண்ட் என்னும் ஊரிலே நாம் வாழ்கின்றோம். முன்னொரு காலத்தில் பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளராக இருந்தோம் என்ற காரணத்தால், சனிக்கிழமைகளில் எமது சமையலறை மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கூடுவதுண்டு. ஒருவர் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவருவார். மற்றவர் பிள்ளையின் பாடசாலைக் கடிதத்தைக் கொண்டுவருவார். அண்மையில் வன்னியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தாமே ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தின் முதற்பிரதியோடு வந்தார். அதில் இவ்வாறு இரண்டு வசனங்கள் இருந்தன: ‘தி ஆர்மி கேம் டு மை ஆன்ட்ஸ் ஹவுஸ். தே டுக் மீ இன்.’

“தம்பி, இதிலே என்ன சொல்ல வாறீர்?” என்று கேட்டோம்.

“ஆமி சித்தி வீட்டுக்கு வந்து என்னைப் பிடிச்சுக்கொண்டு போனதைத்தான் சேர் எழுதியிருக்கிறன்.”

“வாசிக்கிற அதிகாரி அப்படி விளங்கிக்கொள்ளுவார் எண்டு நினைக்கிறீரோ? சித்தி குடும்பம் உம்மை வீட்டுக்குள்ளே சேர்த்து ஆதரிச்சது எண்டும் விளங்கலாம்.”

அவர் முகம் வெளிறிவிட்டது. அவர் எழுதியது இலக்கணப் பிழையன்று. அதுதான் இங்கே ஆபத்து. ‘டேக் இன்’ என்ற அந்தச் சேர்க்கைக்கு அடைக்கலம் கொடுத்தல் என்பது ஒரு பொருள். பொலிசார் ஒருவரை விசாரணைக்காகக் கொண்டுசெல்லுதல் என்பது மற்றொரு பொருள். ஏமாற்றுதல் என்பது மூன்றாவது. ‘தே’ என்ற பிரதிப்பெயர் இராணுவத்தையும் குறிக்கலாம், சித்தியின் குடும்பத்தையும் குறிக்கலாம். எனவே அவருடைய வாழ்வின் மிகக் கொடிய நாள், இலக்கணம் சிறிதும் வழுவாமலே, மிக இனிய நாளாக வாசிக்கப்படக் கூடும்.

அன்று அந்த இளைஞருக்கு நாம் விளக்கியதையே இங்கு சற்று விரிவாக எழுதுகின்றோம். எம்மைப் போன்ற பலருக்கும் அது பயன்படும் என்று நம்புகின்றோம்.

உருபும் துணையும்

ஆங்கில வினைக்குப் பின்னே வரும் சிறு சொல் இரு வகைப்படும். இரண்டுக்கும் உருவம் ஒன்றாகவே இருக்கும்; தொழிலோ வேறு. ஒரு வகை, தனக்குப் பின் வரும் பெயரோடு ஒட்டி நிற்பது. ஆங்கில இலக்கணகாரர் இதனை ‘பிரிபோசிஷன்’ என்பர். எமது இலக்கணத்தில் வேற்றுமை உருபு செய்யும் வேலையையே இது செய்கின்றது. ‘லுக் அட் ஹிம்’ என்றால் ‘அவனைப் பார்’. ‘அட் ஹிம்’ என்பது ‘அவனை’ என்பதற்குச் சமம். நாம் உருபைப் பெயரின் பின்னே வைக்கின்றோம்; அவர்கள் முன்னே வைக்கின்றனர். வேறுபாடு அவ்வளவே.

மற்றைய வகை வினையோடு உறவு கொண்டது. பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதனை ‘அட்வேர்ப்’ என்னும் வினையடை வகையிலே சேர்ப்பர். ‘பிக் அப் த சைல்ட்’ என்றால் ‘பிள்ளையைத் தூக்கு’. இங்கே ‘அப்’ என்பது பிள்ளைக்கு உரியதன்று. தூக்கும் செயலுக்கு உரியது. தமிழிலே இதற்கு நெருங்கிய உறவினர் துணைவினை ஆகும்.

இவ்விரண்டையும் பிரித்தறியும் உரைகல் பிரதிப்பெயர். ‘ஹிம்’, ‘ஹேர்’, ‘இட்’, ‘தெம்’ ஆகிய சொற்களில் ஒன்றை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். உருபு வகையாயின் பிரதிப்பெயர் அதன் பின்னேதான் வரும்: ‘லுக் அட் ஹிம்’ சரி, ‘லுக் ஹிம் அட்’ என்று எவரும் சொல்லார். உருபையும் பெயரையும் பிரிக்க முடியாதல்லவா? துணை வகையாயின் பிரதிப்பெயர் நடுவிலேதான் வரும்: ‘பிக் ஹிம் அப்’ சரி, ‘பிக் அப் ஹிம்’ பிழை. பெயர்ச்சொல்லுக்கு மட்டும் இங்கே சுதந்திரம் உண்டு. ‘பிக் அப் த சைல்ட்’ என்றும் சொல்லலாம். ‘பிக் த சைல்ட் அப்’ என்றும் சொல்லலாம்.

ஏன் இந்தப் பாகுபாடு? ஆங்கில வசனத்தில் புதிய செய்தியும் பாரமான தொடரும் கடைசி இடத்தை நாடும். பிரதிப்பெயர் ஏற்கெனவே அறிந்த ஒருவரையோ ஒன்றையோ சுட்டுவது, இலேசானது. ஆகவே அது வினையின் அருகிலே ஒதுங்கி, கடைசி இடத்தைச் சிறு சொல்லுக்கு விட்டுக்கொடுக்கின்றது. எமது மொழியிலே இந்தச் சிக்கல் எழுவதில்லை. செயப்படுபொருள் வினைக்கு முன்னே வந்துவிடும். துணைவினை வினைக்குப் பின்னே வரும். இருவரும் ஓர் ஆசனத்துக்குப் போட்டியிடுவதில்லை.

காதுக்கும் ஓர் உரைகல் உண்டு. துணை வகைச் சொல்லை ஆங்கிலேயர் அழுத்தி உச்சரிப்பர்: ‘பிக் ஹிம் அப்’ என்பதிலே ‘அப்’ எடுத்துக் கேட்கும். உருபு வகை மெலிந்து ஒலிக்கும்: ‘லுக் அட் ஹிம்’ என்பதிலே ‘அட்’ காதில் விழுந்தும் விழாமலும் போகும். இடையிலே வேறொரு வினையடையைச் செருகிப் பார்ப்பதும் ஒரு வழி. ‘லுக்ட் கெயர்ஃபுலி அட் ஹிம்’ என்றால் ‘அவனைக் கவனமாகப் பார்த்தான்’, அது செல்லும். ‘பிக்ட் குயிக்லி அப் த சைல்ட்’ என்பது செல்லாது.

இடம் மாறினால் பொருள் மாறும்

‘இதெல்லாம் பண்டிதர்களின் நுணுக்கம், எமக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கக் கூடும். இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

‘ஹி லுக்ட் இட் ஓவர்’ என்றால் அதனை முழுமையாகப் பார்வையிட்டான் என்று பொருள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த சிப்பாயைப் பற்றி இவ்வாறு கூறலாம். ‘ஹி லுக்ட் ஓவர் இட்’ என்றால் அதற்கு மேலாக எட்டிப் பார்த்தான் என்று பொருள். இது வேலிக்கும் மதிலுக்கும் பொருந்தும்; அடையாள அட்டைக்குப் பொருந்தாது.

இரண்டாவது உதாரணம் இன்னும் சங்கடமானது. ‘டேர்ன்ட் ஓன் மீ’ என்றால், அதுவரை நட்பாக இருந்தவர் திடீரென எதிராகத் திரும்பித் தாக்கினார் என்று பொருள். அதே மூன்று சொற்களை ‘டேர்ன்ட் மீ ஓன்’ என்று அடுக்கினால் வரும் பொருளைக் குடும்பப் பத்திரிகையிலே எழுதக் கூசுகின்றது. முகாமிலே தம்மை விசாரித்தவரைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரின் முகம் ஏன் மாறியது என்று அறியாமல் இருந்தால் எப்படியிருக்கும்?

இதே ‘டேர்ன்’ என்னும் வினை ‘இன்’ உடன் சேர்ந்து படுத்தும் பாட்டையும் சொல்லவேண்டும். ‘மை நெய்பர் டேர்ன்ட் மீ இன்’ என்றால் அயலவர் என்னைக் காட்டிக்கொடுத்தார். ‘ஐ டேர்ன்ட் மைசெல்ஃப் இன்’ என்றால் நானாகச் சென்று சரணடைந்தேன். ‘ஐ டேர்ன்ட் இன்’ என்று பிரதிப்பெயரை விட்டுவிட்டால், நான் படுக்கைக்குச் சென்றேன்! ஒரே ஒரு பிரதிப்பெயர் விடுபட்டால் சரணடைதல் நித்திரையாகிவிடுகின்றது.

விடுதலையைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே. ‘காசு குடுத்தாப் பிறகு விட்டவங்கள்’ என்று எம்மவர் பலர் கூறுவர். இதனை ‘தே லெட் மீ ஓஃப்’ என்று எழுதினால், குற்றம் செய்தும் தண்டியாமல் மன்னித்துவிட்டனர் என்ற பொருள் தொனிக்கும். ‘லெட் மீ அவுட்’ என்றால் கதவைத் திறந்துவிட்டனர். ‘லெட் மீ கோ’ என்றால் போகவிட்டனர். வேலைத்தலமாயின் வேலைநீக்கம் செய்தனர். ‘லெட் மீ டவுன்’ என்றால் நம்பிக்கையைக் கெடுத்தனர். மன்னித்து அனுப்பப்பட்டவர் திரும்பிச் செல்ல ஏன் அஞ்சுகின்றார் என்று அதிகாரி கேட்பாரேயானால், அக்கேள்வியை எழுப்பியது ‘ஓஃப்’ என்னும் ஒரு சிறு சொல்லே.

தமிழருக்குப் புதியதன்று

இந்தத் தொல்லை எமக்கு மட்டும் உரியதன்று. 1755 ஆம் ஆண்டில் லண்டனிலே தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வழக்கே அந்நியருக்கு மிகுந்த இடர் தருவது என்று அதன் முன்னுரையிலே ஒப்புக்கொண்டார். அத்தகைய சேர்க்கைகளை மிகுந்த கவனத்தோடு திரட்டியதாகவும் எழுதினார். இன்று பாடநூல்களில் வழங்கும் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்ற பெயர், 1925 இல் லோகன் பியர்சல் சிமித் எழுதிய நூலினால் பரவியது. 1971 இல் டுவைட் பொலிஞ்சர் என்ற அமெரிக்க மொழியியலாளர் இவ்வொரு பொருளுக்கென்றே தனி நூல் எழுதினார். பேரறிஞர்களையே இவ்வளவு காலம் உழைக்க வைத்த விடயத்தில் நாம் தடுமாறுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

எனினும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. எமது மொழியிலும் இதே வித்தை இருக்கின்றது. ‘சொல்’ என்னும் ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டான், சொல்லிவைத்தான், சொல்லிப்பார்த்தான், சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொடுத்தான். யாழ்ப்பாணத்திலே ‘சொல்லிப்போட்டான்’ என்றும் வழங்குவோம். சொல்லிவைத்தவன் எதையும் எங்கும் வைக்கவில்லை, முன்கூட்டியே சொன்னான். சொல்லிப்பார்த்தவன் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, முயன்றான். ‘காட்டு’, ‘கொடு’ என்ற இரண்டு நல்ல சொற்கள் சேர்ந்து ‘காட்டிக்கொடு’ என்றானதும் துரோகமாகிவிடுகின்றது. தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் இதனை எவ்வாறு ஊகிப்பார்? நாம் இலக்கணம் படித்தா இதனை அறிந்தோம்? தாயின் இடுப்பிலிருந்து கேட்டுக் கேட்டு அறிந்தோம்.

ஆகவே ‘ஈட் அப்’ என்பதைக் கண்டால் ‘மேலே’ என்று மொழிபெயர்க்காமல், ‘சாப்பிட்டுவிடு’ என்பதிலுள்ள ‘விடு’ போல ‘அப்’ முற்றுப்பொருள் தருகின்றது என்று கொள்ளலாம். ‘ரைட் டவுன்’ என்பது ‘எழுதிவை’. ‘கிவ் அவே’ என்பது ‘கொடுத்துவிடு’. இவ்வாறு துணைக்குத் துணை வைத்துப் பார்த்தால் பாதிப் பயம் நீங்கும்.

மீதிப் பயம் நாம் கற்ற முறையினால் வந்தது. நாம் மாணவராக இருந்த 1990களிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்திலேதான் ஆங்கிலப் பாடத்தைப் படித்தோம். அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் கற்பித்தவரும், பின்னர் அமெரிக்காவிலே பேராசிரியராகப் பணியாற்றியவருமான சுரேஷ் கனகராஜா, அங்குள்ள வகுப்பறை ஒன்றை ஆராய்ந்து எழுதியுள்ளார். அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் உரையாடல்களில் மாணவர் மனம் ஒன்றவில்லை. நூலின் ஓரங்களிலே தமது போராட்டச் சூழலையும் சினிமாவையும் தழுவிய படங்களையும் குறிப்புகளையும் கிறுக்கினர். ஆசிரியரிடமோ இலக்கணத்தையே கேட்டனர். அவரது ஆய்வு 1999 இல் வெளிவந்த நூலிலும் இடம்பெற்றது. அந்த மாணவர்களிலே எம்மை நாம் காண்கின்றோம். சட்டப் புத்தகத்துப் பெருஞ்சொற்களை எழுத்துக்கூட்டி மனனம் செய்தோம். தெருவிலே பேசப்படும் சிறு சொற்களை எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை.

சர்க்கரை ஊரின் சாட்சியம்

ஒரு சிறு சொல் யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்பதையே தீர்மானிக்கும் என்பதற்கு, நாம் வாழும் சுகர் லேண்டின் வரலாறே சான்று. பெயருக்கேற்ப இது கரும்பு விளைந்த பூமி. இம்பீரியல் நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இங்கே 2003 இல் மூடப்படும்வரை இயங்கியது. அந்தக் கரும்புத் தோட்டங்களின் பழைய வரலாறு இனிப்பானதன்று. 1878 இல் எல்லிஸ், கன்னிங்ஹாம் என்னும் இரு தோட்டமுதலாளிகள் ரெக்சாஸ் அரசிடமிருந்து அதன் சிறைக்கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்கள் கைதிகள் என்ற பெயரிலே கரும்புவெட்டினர், பலர் மாண்டனர். 2018 இல் பாடசாலைக் கட்டடம் ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது அத்தகைய 95 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன.

இதனை ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘லீஸ்’ என்ற வினையைப் பயன்படுத்துவர். அந்த வினை தனித்து நின்றால் குத்தகைக்கு எடுத்தலையும் குறிக்கும், கொடுத்தலையும் குறிக்கும். ‘லீஸ் அவுட்’ என்றால் கொடுத்தல் ஒன்றே பொருள். ‘த ஸ்டேட் லீஸ்ட் தெம் அவுட்’ என்று எழுதியவுடன், மனிதரைக் குத்தகைக்குக் கொடுத்தது அரசுதான் என்பது ஐயமின்றி வெளிப்படுகின்றது. செய்தவர் எழுவாயிலே நிற்கின்றார்; அனுபவித்தவர் ‘தெம்’ என்று நடுவிலே நிற்கின்றார்; என்ன செய்யப்பட்டது என்பதை ‘அவுட்’ முடித்துவைக்கின்றது. எமது வாக்குமூலங்களும் இவ்வாறே அமையவேண்டும்: யார், யாரை, என்ன செய்தார்.

விசாரணை அறையிலே

அமெரிக்காவிலே தஞ்சம் கோருவோர் ‘ஐ-589’ என்ற படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பவேண்டும். 1996 ஆம் ஆண்டின் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் அதனைச் சமர்ப்பித்தல் வேண்டும். 2005 இல் இயற்றப்பட்ட ‘ரியல் ஐடி’ சட்டம் இன்னொரு கடுமையைச் சேர்த்தது. எழுதியதற்கும் சொன்னதற்கும் இடையிலே முரண்பாடு காணப்பட்டால், அது கோரிக்கையின் மையப் பொருளைப் பற்றியதாக இல்லாவிடினும், மனுதாரரின் நம்பகத்தன்மையை மதிப்பிடுகையில் அதனைக் கணக்கிலெடுக்கலாம் என்பதே அது. படிவத்திலே ‘லெட் ஓஃப்’ என்றும், நேர்காணலிலே காசு கொடுத்துத் தப்பினேன் என்றும் வந்தால், இரண்டும் ஒரே நிகழ்ச்சி என்று யார் எடுத்துரைப்பார்?

தஞ்ச அலுவலகத்தின் நேர்காணலுக்கு, ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவர் தமது மொழிபெயர்ப்பாளரைத் தாமே அழைத்துவரவேண்டும் என்ற விதி 2023 செப்டெம்பர் 13 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். மனுதாரரின் வழக்கறிஞராகவோ சாட்சியாகவோ இருத்தல் ஆகாது. எனவே எம்மவருள் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த உறவினரோ நண்பரோதான் பெரும்பாலும் அப்பொறுப்பை ஏற்பார். அவருக்கும் இக்கட்டுரையை வாசிக்கக் கொடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவன; நாள்குறித்த நிலவரத்தை வழக்கறிஞரிடம் கேட்டறிதல் நன்று.

‘அவர்கள்’ என்றால் யார்?

பிரதிப்பெயர்களிலே எமக்கும் அவர்களுக்கும் இடையே ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. தமிழிலே எழுவாயைச் சொல்லாமலே வசனத்தை முடிக்கலாம். ‘அடித்தார்கள்’ என்றால் போதும். விகுதியே ஆளைக் காட்டும். ஆங்கிலத்திலே ‘தே’ என்று ஒருவரைப் பிடித்து முன்னே நிறுத்தியாகவேண்டும். ‘தே’ என்றதும் ‘யார் அவர்கள்?’ என்ற கேள்வி எழும்.

மரியாதைப் பன்மை இன்னொரு பொறி. ‘அம்மா சொன்னார்கள்’ என்பதை மொழிபெயர்ப்பாளர் ‘தே செட்’ என்று சொல்லிவிட்டால், ஒரு தாய் பலராகிவிடுவார். ‘அவர்’ என்ற சொல் ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். ஆங்கிலத்திலே ‘ஹி’ அல்லது ‘ஷி’ என்று தெரிந்தாகவேண்டும். ‘நாங்கள்’, ‘நாம்’ என்ற வேறுபாடோ ஆங்கிலத்திலே அறவே இல்லை. ‘எங்களைக் கொண்டுபோனார்கள்’ என்றால் கேட்பவர் அதிலே அடங்கார் என்பது எமக்குத் தெளிவு. ‘டுக் அஸ்’ என்றால் யார் யார் என்று எண்ணிக்கையோடு சொன்னால் அன்றித் தெளிவில்லை.

இத்தருணத்தில் விஜயகுமார் துரைசிங்கம் என்ற ஈழத்தமிழ் விவசாயியின் வழக்கு நினைவுக்கு வருகின்றது. 2017 இல் மெக்சிக்கோ எல்லையைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் நுழைந்தவுடன் அவர் பிடிபட்டார். தம்மைச் சிலர் கடத்திச்சென்று கடுமையாகத் தாக்கியதாக நேர்காணலிலே கூறினார். தாக்கியோர் யார் என்றும், ஏன் தாக்கினர் என்றும் தமக்குத் தெரியாது என்றார். அதிகாரி அவர் கூறியதைப் பொய்யென்று கொள்ளவில்லை. ஆயினும் தஞ்சத்துக்குரிய அச்சம் நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தார். வழக்கு அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஜூன் 25 அன்று, ஏழு நீதியரசருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. அத்தகைய முடிவை ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றங்கள் மீள்விசாரணை செய்ய இயலாது என்பதே அதன் சாரம்.

அந்த அறையிலே எந்தச் சொல் எவ்வாறு மாறியது என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. எமக்குரிய பாடம் வேறு. ‘ஆரெண்டு தெரியாது’ என்று எம்மவர் கூறும்போது, ‘பெயர் தெரியாது’ என்பதையே பெரும்பாலும் கருதுகின்றனர். ஆங்கிலத்திலே அது ‘ஒன்றுமே தெரியாது’ என்று பதிவாகிவிடுகின்றது. பெயர் தெரியாவிட்டாலும் அவர்கள் அணிந்திருந்த உடை தெரிந்திருக்கும். பேசிய மொழி தெரிந்திருக்கும். வந்த வாகனம் தெரிந்திருக்கும். கேட்ட கேள்விகள் நினைவிலிருக்கும். ‘தே’ என்ற வெற்றுப் பாத்திரத்தை இவற்றால் நிரப்புதல் வேண்டும்.

என்ன செய்யலாம்?

எமது சமையலறை மேசையிலே நாம் கடைப்பிடிக்கும் சில வழிகளைக் கூறுகின்றோம்.

முதலாவது, வாக்குமூலத்திலே இரட்டைச் சொல் வினைகளைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளை எழுதுங்கள். ‘அரெஸ்ட்’, ‘டிடெய்ன்’, ‘ரிலீஸ்’, ‘சரண்டர்’ ஆகியவை எமக்குப் பாடசாலையிலேயே அறிமுகமானவை. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கும் அதன் சட்டத்துக்கும் வந்த சொற்கள் இவை. வீட்டு மொழியிலே இவை சற்று விறைப்பாக ஒலிக்கலாம். சட்டத்தின் முன்னே ஐயமின்றி ஒலிக்கும். அந்த இளைஞரின் வசனத்தை ‘தி ஆர்மி அரெஸ்டட் மீ அட் மை ஆன்ட்ஸ் ஹவுஸ்’ என்று மாற்றினோம். ‘தே’யும் போயிற்று, ‘இன்’னும் போயிற்று, ஐயமும் போயிற்று.

இரண்டாவது, ‘தே’, ‘ஹி’, ‘ஷி’ வரும் ஒவ்வோரிடத்திலும் விரலை வைத்து ‘இது யார்?’ என்று கேளுங்கள். இரண்டு விடைகள் வந்தால் பெயரையோ பதவியையோ எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, அன்றாட வாழ்விலே சிறு சொற்களை அஞ்சாது பழகுங்கள். புதிய சேர்க்கை ஒன்றைக் கேட்டால், அதனைத் தனியே குறியாமல் நடுவிலே ஒரு பிரதிப்பெயரோடு முழு வசனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘டேர்ன் ஓஃப்’ என்று எழுதாமல் ‘டேர்ன் இட் ஓஃப்’ என்று எழுதினால் இடமும் கூடவே மனதிற் பதியும்.

நான்காவது, வாசித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். அச்சம் பற்றிய முதல்நிலை நேர்காணலின் முடிவிலே, அதிகாரி தாம் குறித்த சுருக்கத்தை மனுதாரருக்குக் கூறித் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. களைத்துப்போய் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஐந்து நிமிடங்களில் ஒரு சிறு சொல்லைத் திருத்துவது, பின்னர் ஐந்து ஆண்டுகள் நீதிமன்றங்களில் வாதாடுவதிலும் எளிது.

ஒரு தாயின் வசனம்

சென்ற மாதம் எமது அயலிலே மகளோடு வசிக்கும் அம்மா ஒருவர் பேத்தியோடு வந்தார். 2009 மே 18 அன்று வட்டுவாகலிலே தமது மகனை இராணுவத்திடம் கையளித்தவர் அவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்ற வார்த்தையை நம்பிக் கையளித்தார். அதன்பின் மகனைக் காணவில்லை. பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் தொடர்பாக ஐக்கிய நாடுகள் சபை 1980 இல் அமைத்த செயற்குழுவுக்கு அனுப்பவென, இங்கே பிறந்து வளர்ந்த பேத்தி கடிதம் ஒன்றை எழுதியிருந்தாள். அழகிய ஆங்கிலம். அதன் நடுவிலே ‘ஐ கேவ் ஹிம் அப்’ என்றிருந்தது.

பிரதிப்பெயர் உரிய இடத்திலேதான் இருந்தது. இலக்கணம் பிழைக்கவில்லை. ஆனால் ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல், உரிமையைத் துறத்தல் என்ற பொருளே முன்னே வரும். வளர்க்க இயலாது பிறருக்குக் கொடுத்துவிட்ட தாயைப் பற்றி இவ்வாறே கூறுவர். நாம் இதனைப் பேத்திக்கு மெதுவாக விளக்கினோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப தம்பி, நான் பிள்ளையைக் கைவிட்டுட்டன் எண்டோ அதிலே கிடக்கு?”

“இல்லை அம்மா, இன்னும் அனுப்பேல்லைத்தானே. இப்ப மாத்திப்போடலாம்.”

பேத்தி அந்த வரியை வெட்டி, ‘ஐ ஹாண்டட் ஹிம் ஓவர் டு தி ஆர்மி’ என்று எழுதினாள். அதன் கீழே, என்ன வாக்குறுதியை நம்பி, எந்த இடத்திலே, எத்தனை பேர் முன்னிலையிலே என்ற விபரங்களைச் சேர்த்தாள். முழுக் கடிதத்தையும் தமிழிலே திருப்பிச் சொல்லுமாறு அம்மா கேட்டார். பேத்தி தட்டித் தடுமாறிச் சொல்லிமுடிக்கும்வரை அவர் கண்ணை மூடியபடி இருந்தார். பின்னர் பேனையை வாங்கி, தமது பெயரைத் தமிழிலே ஒப்பமிட்டார்.